ஜெர்மனியில் முதுநிலைப் படிப்பு: கழற்றி வைக்க வேண்டிய எண்ணங்களும் கையில் இருக்க வேண்டிய காகிதங்களும்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு படிப்பவர்களிடையே ஜெர்மனியைப் பற்றி நான்கு நம்பிக்கைகள் உலவுகின்றன. அங்கே படிப்பு இலவசம். ஆங்கிலம் தெரிந்தால் போதும். பகுதிநேர வேலையே செலவைத் தாங்கிவிடும். எல்லாம் ஒழுங்காக, நேரப்படி, கணினிமயமாக நடக்கும். இவற்றுள் எதுவும் முழுப் பொய் இல்லை என்பதுதான் சிக்கல். பாதி உண்மையை நம்பிப் புறப்படுபவர், மீதிப் பாதிக்கான விலையைத் தவறிப்போன தேதியாகவோ எதிர்பாராத செலவாகவோ கட்டுகிறார். முதுநிலைப் படிப்புக்காக அந்த வழியில் மூச்சுமுட்ட நடந்து முடித்தவன் என்ற முறையில், அடுத்து வருபவர்களுக்கு அந்தச் சிரமம் குறையட்டும் என்று இதை எழுதுகிறேன். தொகைகள் 2025ஆம் ஆண்டு நிலவரப்படி தரப்பட்டுள்ளன. அவை மாறக்கூடியவை என்பதால், பணம் கட்டுவதற்கு முன் உரிய அலுவலகத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. ‘இலவசப் படிப்பு’ என்பதற்கு முதலில் கணக்குப் போடுங்கள்

பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் செமஸ்டர் கட்டணம் என்று பருவத்துக்கு 100 முதல் 350 யூரோ வரை கட்ட வேண்டும். பல இடங்களில் பேருந்து, ரயில் சீட்டும் அதற்குள் அடங்கிவிடுவதால் அது நியாயமான தொகையே. விதிவிலக்குகளைத்தான் கவனிக்க வேண்டும். ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடல்பெர்க் ஆகிய நகரங்கள் அமைந்துள்ள பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலப் பருவத்திலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புதிதாகச் சேரும் முதுநிலை மாணவர்களுக்குச் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை கட்டணம் வைத்திருக்கிறது. ‘எங்கள் சீனியர் ஒன்றும் கட்டவில்லையே’ என்பது பழைய செய்தியாக இருக்கலாம்.

உண்மையான சுமை கல்விக் கட்டணம் அன்று, முடக்கப்பட்ட கணக்கு. மாணவர்கள் ‘பிளாக்டு அக்கவுண்ட்’ என்று சொல்லும் இதில், ஓராண்டுச் செலவுக்காக 11,904 யூரோவை முன்கூட்டியே போட்டுவைத்தால்தான் விசா கிடைக்கும். அது உங்கள் பணமே. அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ வீதம் உங்களுக்கே திரும்பி வரும். ஆனால் ஏறத்தாழ 12 லட்சம் ரூபாயை ஒரே தவணையில் புரட்ட வேண்டும் என்பதைக் குடும்பத்தார் கடைசி மாதத்தில் கேள்விப்படக் கூடாது. இதனுடன் இன்னொரு கண்ணியும் உண்டு. ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், மிகுதித் தொகைக்கு வங்கி மூலவரி பிடித்துக்கொள்ளும். வங்கிக் கல்விக் கடனிலிருந்து நேரடியாக அனுப்பினால் அந்த வரி இல்லை. பிடித்த வரியை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம் என்றாலும், அதற்கு மாதங்கள் ஆகும். யாருடைய வங்கிக் கணக்கிலிருந்து, யாருடைய பான் எண்ணில், எந்த நிதியாண்டில் அனுப்பப் போகிறீர்கள் என்பதை அப்பா அம்மாவுடன் உட்கார்ந்து முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

மற்ற செலவுகள் சில்லறையாகத் தெரிந்தாலும் கூடிவிடும். உங்கள் சான்றிதழ்கள் உண்மையானவை என்று உறுதிசெய்யும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்கு ஏறக்குறைய அதே அளவு. பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பின் வழியாக விண்ணப்பித்தால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்துச் செய்யும் ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. விசாவுக்கு 75 யூரோ. இவற்றுக்கு மேல், முடக்கப்பட்ட கணக்கில் சேராமல் 1,500 முதல் 2,000 யூரோ வரை தனியாகக் கையில் வைத்திருங்கள். ஏன் என்பது ஐந்தாம் பகுதியில் தெரியும்.

2. பெயரை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்

நம் ஊர் மாணவர்களுக்கே உரிய சிக்கல் இது. மதிப்பெண் பட்டியலில் பெயருக்குப் பின் இனிஷியல் இருக்கும். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிவாக இருக்கும், அல்லது குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கும். ஜெர்மன் அலுவலகங்கள் எல்லாவற்றுக்கும் குடும்பப் பெயரைக் கேட்கின்றன. பாஸ்போர்ட் எடுக்கும்போதே, அல்லது புதுப்பிக்கும்போதே, இரண்டு இடங்களையும் நிரப்பிவிடுங்கள். அதன் பிறகு ஐஈஎல்டிஎஸ், ஏபிஎஸ், பல்கலைக்கழக விண்ணப்பம், முடக்கப்பட்ட கணக்கு, காப்பீடு, விமானச் சீட்டு என எல்லா இடங்களிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாறாமல் கொடுங்கள். சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருந்தால், இரண்டு பெயர்களும் ஒருவருடையவையே என்று நோட்டரி வழக்கறிஞரிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வைத்துக்கொள்வது உதவும். அங்கே போன பிறகு அலுவலகங்களும் பேராசிரியர்களும் உங்களை ‘திரு முருகேசன்’ என்று அப்பாவின் பெயரால் அழைப்பார்கள். திரும்பிப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

3. விண்ணப்பம்: தரவரிசையைவிடப் பாடப் பொருத்தமே முக்கியம்

இந்தியாவில் படித்தவர்களுக்கு 2022 நவம்பர் முதல் ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். டெல்லியில் உள்ள அந்த அலுவலகம் உங்கள் சான்றிதழ்களின் உண்மைத்தன்மையைச் சரிபார்த்துத் தருகிறது. பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்துடனேயே அதைக் கேட்பதால், எல்லா வேலைகளுக்கும் முன்னால் இதைத் தொடங்குங்கள். அக்டோபரில் தொடங்கும் குளிர்காலப் பருவத்தில் சேர விரும்புபவர், முந்தைய ஆண்டு செப்டம்பரிலேயே ஏபிஎஸ் வேலையை எடுத்தால் நிம்மதி. விண்ணப்பத்தின் கடைசித் தேதி பொதுவாக ஜூலை 15 என்று சொல்லப்பட்டாலும், வெளிநாட்டு மாணவர்களுக்கு மே 31 என்றும், சில படிப்புகளுக்கு ஜனவரி, மார்ச் என்றும் முன்னதாகவே முடிந்துவிடுகிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் நம் பழைய எண்ணங்கள் அதிகம் குறுக்கிடுகின்றன. கட்-ஆஃப் மதிப்பெண்ணும் கலந்தாய்வுமாக வளர்ந்த நமக்குக் கல்லூரிகளை மேலிருந்து கீழாக அடுக்கிப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. ஜெர்மனியில் சேர்க்கைக் குழு பார்ப்பது வேறு. நீங்கள் படித்த பாடங்கள் அவர்கள் கேட்கும் பாடங்களோடு, கிரெடிட் அளவில், பொருந்துகின்றனவா என்பதே முதல் கேள்வி. எந்திரவியல் படித்துவிட்டுத் தரவு அறிவியலுக்கு விண்ணப்பித்தால், மதிப்பெண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் மறுப்புக் கடிதம் வரலாம். எனவே கல்லூரியிலிருந்து முழுப் பாடத்திட்டத்தையும் முத்திரையுடன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படிப்பை முடித்து ஊருக்குப் போன பிறகு அதற்காகத் துறை அலுவலகத்தின் வாசலில் நிற்பது வீண் அலைச்சல்.

மதிப்பெண்ணை அவர்கள் மாற்றிக் கணக்கிடும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே 1.0 உச்சம், 4.0 தேர்ச்சியின் எல்லை. அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். பத்துக்கு 8 சிஜிபிஏ, தேர்ச்சி எல்லை 5 என்றால் 2.2 வரும். ‘2.5க்குள் இருக்க வேண்டும்’ என்று கேட்கும் படிப்புக்கு நீங்கள் தகுதியானவரா என்பது இந்த ஒரு வரிக் கணக்கில் தெரிந்துவிடும். இதற்குக் கன்சல்டன்சிக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கன்சல்டன்சி பற்றி ஒரு சொல். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம். படிப்புகளின் பட்டியல் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடியின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கமிஷன் கிடைப்பது தனியார் பல்கலைக்கழகங்களிலிருந்துதான் என்பதால், ‘உங்கள் மார்க்குக்கு இதுதான் கிடைக்கும்’ என்று பல லட்ச ரூபாய்க் கட்டணத்தில் ஒரு தனியார் நிறுவனத்தைக் காட்டுவார்கள். அப்படிக் காட்டினால், அது அரசு அங்கீகாரம் பெற்றதா, வகுப்புகள் நேரில் நடக்கின்றனவா என்று இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். பெருமளவு இணையவழியில் நடக்கும் படிப்பை நம்பி மாணவர் விசா கேட்பது ஆபத்து. ‘ஹோக்‌ஷூலே’ எனப்படும் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்களை மட்டும் இரண்டாம் தரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தொழிற்சாலைகளோடு நெருங்கி நடக்கும் அவற்றின் படிப்புகள், ஆராய்ச்சிக்குப் போக விரும்பாத பொறியாளருக்குப் பெரும்பாலும் கூடுதல் பயன் தருகின்றன.

4. விசா: முதல் முறையே சரியாக இருக்க வேண்டும்

முன்பு விசா மறுக்கப்பட்டால் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் வழி இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அந்த வழி மூடப்பட்டுவிட்டது. மறுத்தால் மீண்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லினில் வழக்குத் தொடர வேண்டும். ஆகவே சேர்க்கைக் கடிதம், ஏபிஎஸ், முடக்கப்பட்ட கணக்கின் உறுதிச்சான்று, காப்பீடு, மொழித் தேர்வுச் சான்று, நோக்கக் கடிதம் ஆகியவற்றை ஒன்றோடொன்று முரண்படாமல் அடுக்குங்கள். நோக்கக் கடிதத்தை இணையத்திலிருந்து எடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றுவது இன்றும் நடக்கிறது. அதை வாசிப்பவர் அதே கடிதத்தை அந்த வாரத்தில் பலமுறை வாசித்திருப்பார். சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த அன்றே விசா வேலையைத் தொடங்கி, எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஒதுக்கிவையுங்கள்.

5. முதல் ஆறு வாரம்: காகித நாட்டுக்கு நல்வரவு

கணினிமயமான நாடு என்ற எண்ணம் கழன்று விழுவது இங்கேதான். ஜெர்மன் அலுவலகம் உங்களோடு பேசுவது தபாலில். வங்கி அட்டை, அதன் ரகசிய எண், வரி எண், காப்பீட்டு அட்டை எல்லாம் கடிதமாக, சில நேரம் தனித்தனிக் கடிதங்களாக வரும். உங்கள் பெயர் தபால் பெட்டியில் ஒட்டப்படவில்லை என்றால் அவை திரும்பிப் போய்விடும். வீட்டுச் சாவி கிடைத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதிப் பெட்டியில் ஒட்டுவது.

இங்கே ஒன்றுக்குப் பின் ஒன்று என்ற வரிசை கண்டிப்பானது. வீடு இருந்தால்தான் முகவரிப் பதிவு; முகவரிப் பதிவு இருந்தால்தான் பல வங்கிகளில் நடப்புக் கணக்கு; நடப்புக் கணக்கு இருந்தால்தான் முடக்கப்பட்ட பணம் மாதாமாதம் வரத் தொடங்கும். வரிசையின் முதல் கண்ணி அறுந்தால் முழுச் சங்கிலியும் நின்றுவிடும். தனியாக 1,500 முதல் 2,000 யூரோ வைத்திருக்கச் சொன்னது இந்த இடைவெளிக்காகத்தான். வாடகை வீட்டுக்கு முன்பணமாக, வெப்பமூட்டல், தண்ணீர் போன்றவை சேராத அடிப்படை வாடகையில் மூன்று மாதத் தொகை வரை கேட்கச் சட்டம் அனுமதிக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

வீடு தேடும்போது இரண்டு விதிகளை மீறாதீர்கள். சேர்க்கை உறுதியானதும், விசாவுக்குக் காத்திராமல், மாணவர் விடுதிகளை நடத்தும் ஸ்டுடிரெண்டன்வெர்க் அமைப்பில் பெயரைப் பதியுங்கள். பெரிய நகரங்களில் காத்திருப்புப் பட்டியல் மாதக் கணக்கில் நீளும். அடுத்து, ‘நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்’ என்று சொல்பவருக்கு ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். இந்த மோசடி வெளிநாட்டு மாணவர்களைக் குறிவைத்தே நடக்கிறது. தங்கவிடுபவர் முகவரிப் பதிவுக்கான உறுதிக் கடிதம் தருவாரா என்றும் முன்னதாகக் கேளுங்கள். அந்தக் கடிதம் கிடைக்காத அறை எவ்வளவு மலிவானாலும் உங்களுக்குப் பயனில்லை. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். நகராட்சி அலுவலகத்தில் சந்திப்பு நேரம் கிடைப்பதே கடினம் என்பதால், இந்தியாவிலிருந்தே இணையத்தில் நேரம் பிடித்துவைப்பது நல்லது.

மருத்துவக் காப்பீட்டில் அவசரப்படாதீர்கள். முப்பது வயதுக்குட்பட்ட மாணவர்களுக்குப் பொதுக் காப்பீடு மாதம் 140 யூரோவுக்குச் சற்று மேல் ஆகும். தனியார் காப்பீடு அதைவிட மிகக் குறைவாகத் தெரியும். ஆனால் பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டு தனியாருக்குப் போய்விட்டால், படிப்பு முடியும் வரை மாணவருக்கான பொதுக் காப்பீட்டுக்குத் திரும்ப முடியாது. முதல் மாதத்தில் நூறு யூரோ மிச்சம் பார்த்து இந்தக் கதவை மூடிக்கொள்ள வேண்டாம்.

முகவரிப் பதிவுக்குச் சில வாரங்கள் கழித்து, பொது வானொலி, தொலைக்காட்சிக்கான ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். வீட்டில் தொலைக்காட்சியே இல்லாதவர்கள் இதை ஏமாற்று வேலை என்று எண்ணிக் குப்பையில் போடுகிறார்கள். அது உண்மையான கட்டணம்: ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. நால்வர் சேர்ந்து இருக்கும் வீட்டில் ஒருவர் கட்டினால் போதும். அவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டு மற்றவர்கள் பதில் எழுத வேண்டும். பதில் எழுதாமல் விட்டால் பாக்கி ஏறிக்கொண்டே போகும்.

நேரந்தவறாமை பற்றியும் சொல்லிவிடுகிறேன். தனி மனிதர்கள் நேரம் தவறுவதில்லை. ஐந்து நிமிடம் தாமதம் என்றாலும் முன்னதாகச் செய்தி அனுப்புவார்கள். ரயில்கள் அப்படி இல்லை. 2024இல் தொலைதூர ரயில்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவை தாமதமாக ஓடின. தேர்வுக்கோ விசா நீட்டிப்புச் சந்திப்புக்கோ வேறு ஊரிலிருந்து போக வேண்டுமானால், ஒரு வண்டி முன்னதாகப் பிடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். அரிசியும் பாலும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

6. வகுப்பறை: யாரும் துரத்த மாட்டார்கள்

நம் கல்லூரிகளில் வருகைப்பதிவு 75 விழுக்காடு, இன்டர்னல் மதிப்பெண், வீட்டுக்குப் போகும் தொலைபேசி அழைப்பு என்று சுற்றிலும் வேலி உண்டு. அங்கே அந்த வேலி இல்லாததைச் சுதந்திரம் என்று எண்ணி முதல் பருவத்தில் மயங்குகிறவர்கள் பலர். பெரும்பாலான விரிவுரைகளுக்கு வருகைப்பதிவு கிடையாது. முழு மதிப்பெண்ணும் பருவ இறுதியின் ஒரே தேர்வில் தீர்மானமாகலாம். அந்தத் தேர்வுக்கும் நீங்களேதான் குறிப்பிட்ட தேதிக்குள் இணையத்தில் பதிய வேண்டும். வகுப்புக்கு ஒரு நாளும் தவறாமல் போயிருந்தாலும், பதியாதவர் தேர்வு எழுத முடியாது. பருவம் தொடங்கியதுமே பதிவுத் தேதிகளையும் விலகும் தேதிகளையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

அரியர் வைத்து அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம் என்ற நம் பழக்கத்துக்கு அங்கே எல்லை உண்டு. பல பல்கலைக்கழகங்களில் ஒரு கட்டாயப் பாடத்துக்கு மூன்று வாய்ப்புகளே உள்ளன; மூன்றாவதிலும் தோற்றால் அந்தப் படிப்பிலிருந்து நீக்கப்படுவீர்கள். மாணவர் என்ற தகுதி போனால் தங்கும் அனுமதியும் கேள்விக்குள்ளாகும். உங்கள் படிப்பின் தேர்வு விதிமுறை எத்தனை வாய்ப்புகள் தருகிறது என்பதை முதல் மாதத்திலேயே வாசியுங்கள். ஜெர்மன் மொழியில் மட்டும் இருந்தாலும் மொழிபெயர்த்து வாசியுங்கள். திருத்திய விடைத்தாளை நேரில் பார்க்கும் உரிமை அங்கே சாதாரணமானது. அதற்கென ஒரு நாள் அறிவிப்பார்கள். பேராசிரியரைச் சந்தேகிப்பதாக ஆகிவிடுமோ என்று நம் மாணவர்கள் கூசி ஒதுங்குகிறார்கள். கூச வேண்டாம், போய்ப் பாருங்கள்.

7. பகுதிநேர வேலை: மிச்சத்துக்கு உதவும், முதலுக்கு உதவாது

2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்ய மாணவர் விசா அனுமதிக்கிறது. 2025இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. இந்த இரண்டு எண்களையும் பெருக்கிப் பார்த்துவிட்டு, கடன் தவணையையும் அங்கிருந்தே கட்டிவிடலாம் என்று வீட்டில் வாக்குக் கொடுக்காதீர்கள். முதல் பருவத்தில் வேலை கிடைக்காமலே போகலாம்; கிடைத்தாலும் பெரும்பாலும் கிடங்கிலோ உணவகச் சமையலறையிலோ இருக்கும். படிப்போடு தொடர்புடைய வேலைகளுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பேராசிரியரின் ஆய்வகத்தில் உதவியாளர் பணி. இதற்கு ஆங்கிலமே பல நேரம் போதும், அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டு நேரில் கேட்க வேண்டும். மற்றது, நிறுவனங்களில் மாணவப் பணியாளராகச் சேர்வது. இதற்கு பி1 எனப்படும் இடைநிலை அளவு ஜெர்மன் இருந்தால்தான் நேர்காணல் வரை போக முடியும் என்ற நிலை பல துறைகளில் உள்ளது. பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டினால் மாணவருக்கான காப்பீட்டுச் சலுகையும் போய்விடலாம்.

‘ஆங்கிலம் போதும்’ என்ற நம்பிக்கை உண்மையில் வகுப்பறைக்குள் மட்டுமே செல்லுபடியாகிறது. சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள மாக்ஸ் முல்லர் பவனிலோ வேறு இடத்திலோ, புறப்படும் முன் ஜெர்மன் மொழியை ஏ2 எனப்படும் அடிப்படை நிலை வரையாவது படித்துவிடுங்கள். அங்கே போய்ப் படிக்கலாம் என்பவர்களுக்கு, முதல் பருவத்தில் அதற்கான நேரம் கிடைப்பதில்லை.

8. மனிதர்கள்: இரு பக்கமும் முன்முடிவுகள் உண்டு

ஜெர்மானியர்கள் சிடுசிடுப்பானவர்கள், ஒட்டமாட்டார்கள் என்று அங்கே போன இரண்டாம் வாரத்திலேயே தீர்ப்பெழுதிவிடுகிறோம். அவர்கள் முன்பின் தெரியாதவரிடம் சிரித்துப் பேசுவதில்லை என்பது பெரும்பாலும் சரி. ஆனால் ஒரு பொது வேலையில் இறங்கிச் சேர்ந்திருந்தால் நிலைமை மாறுகிறது. பல்கலைக்கழக விளையாட்டு வகுப்புகள், ஊர்ச் சங்கங்கள், தமிழும் ஜெர்மனும் மாற்றிக் கற்கும் மொழி இணைகள் ஆகியவற்றுக்குச் செலவு மிகக் குறைவு. விளையாட்டு வகுப்புகளுக்கான பதிவு பருவத் தொடக்கத்தில் திறந்த சில நிமிடங்களில் நிரம்பிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம், பிரிக்காமல் போட்ட குப்பை ஆகிய இரண்டும்தான் அண்டை வீட்டாருடன் சண்டை தொடங்கும் இடங்கள்.

அவர்களிடமும் நம்மைப் பற்றிய சித்திரங்கள் உண்டு. நீங்கள் கட்டுமானப் பொறியாளராக இருந்தாலும் மென்பொருள் படிப்பதாக எண்ணுவார்கள். ‘இந்தியில் இதை எப்படிச் சொல்வது?’ என்று கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் முகம் சுளிப்பதைவிட, இரண்டு வரியில் விளக்கிவிட்டு உரையாடலைத் தொடர்வது எளிது. ஆனால் வீடு தேடும்போது பெயரைப் பார்த்தே பதில் வராமல் போவது வேறு வகை. அதை மனத்தில் போட்டுக்கொண்டிருக்காமல் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் சொல்லுங்கள்.

பல நகரங்களில் ஈழத்தமிழர் கடைகள் உள்ளன. ஹம் நகரிலுள்ள காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். அந்நாட்டின் அலுவலக நடைமுறைகளைப் பல ஆண்டுகளாக அறிந்த அண்ணன்மாரும் அக்காமாரும் அங்கே கிடைப்பார்கள். அறிமுகமான முதல் நாளே போரைப் பற்றி விசாரிக்காமல் இருப்பது மரியாதை. அதே நேரம், இரண்டு ஆண்டுகளையும் தமிழ் நண்பர்களுக்குள்ளேயே கழித்துவிட்டால், ஜெர்மன் மொழி வளராமல் வேலை தேடும்போது அது தெரியவரும்.

9. படிப்பு முடியும் தறுவாயில்

பட்டம் பெற்றவருக்கு வேலை தேடுவதற்காக 18 மாத அனுமதி உண்டு. அது தானாக வராது; கையில் உள்ள அனுமதி காலாவதியாகும் முன் விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டினர் அலுவலகங்களில் சந்திப்பு நேரம் கிடைப்பதற்கே பல மாதங்கள் ஆகும் நகரங்கள் உள்ளதால், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்பே மின்னஞ்சலில் விண்ணப்பத்தைத் தொடங்கி, அனுப்பியதற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். தாமதமானால், பழைய அனுமதி தொடர்கிறது என்று காட்டும் இடைக்காலச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் ஊருக்கு வந்தால் திரும்பிப் போவது சிக்கலாகலாம். அசல் பட்டம் அச்சாகி வரச் சில வாரங்கள் ஆகும் என்பதால், எல்லாத் தேர்வுகளும் முடிந்ததாகத் தேர்வு அலுவலகத்திடம் ஒரு கடிதம் பெறுங்கள். மாணவர் பதிவு நீங்கிய நாளிலிருந்து மலிவான காப்பீடும் பயணச் சீட்டும் விடுதி அறையும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கத் தொடங்கும். அந்தத் தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று பதிவு நீக்கப் படிவத்தில் கையெழுத்திடும் முன் கேளுங்கள். ஊருக்கே திரும்புவதாக இருந்தால் முகவரிப் பதிவை நீக்கி, அந்தச் சான்றின் நகலைக் கொண்டு ஒலிபரப்புக் கட்டணம், கைப்பேசி ஒப்பந்தம், உடற்பயிற்சிக் கூடம் ஆகியவற்றை எழுத்தில் ரத்து செய்யுங்கள். வீட்டு முன்பணம் திரும்பி வர மாதங்கள் ஆகும் என்பதால், ஜெர்மன் வங்கிக் கணக்கை மட்டும் அதுவரை மூடாதீர்கள்.